மென்படலம் மங்கினால், குழி விழுந்தால், கணக்கு ஒத்துவராவிட்டால்: மலையகத்து ஆய்வுகூடத்துக்கான பிழை நீக்கும் வழிமுறை

கிளைகொண்ட பல்பகுதியங்களை (பொலிமர்களை) கலந்து மென்படலம் செய்யும்போது ஏதாவது பிழைத்தால், முதலில் பழி விழுவது கலவையின் மேல். "நட்சத்திரமும் (ஒரு மையத்திலிருந்து பல கைகள் பிரியும் மூலக்கூறு) நேர்ச்சங்கிலியும் (கிளையில்லாதது) சேரவில்லை போல" என்று சொல்லிவிட்டு விகிதத்தை மாற்றத் தொடங்கிவிடுவோம். விலை கூடிய மாதிரி அப்படியே கரைந்து போகும். நான் பார்த்தவரை கோளாறுகளில் பெரும்பங்கு காற்றிலும் தண்ணீரிலும் தூசியிலும் இருந்து வருகிறது. பல்பகுதியம் கடைசியாகச் சந்தேகிக்க வேண்டிய ஆள்.

இலங்கையின் மலையகத்தில் இதை இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். நாம் பின்பற்றும் செய்முறைகள் குளிரூட்டிய, உலர்ந்த அறைகளில் எழுதப்பட்டவை. ஒக்டோபர், நவம்பரில் பேராதனையில் பின்னேர மழை பிடித்துக்கொள்ளும்போதோ, தென்மேற்குப் பருவக்காற்றில் நுவரெலியா மூட்டத்துக்குள் இருக்கும்போதோ அந்தச் செய்முறையை எழுத்துக்கு எழுத்துச் செய்தாலும் அதே படலம் வராது. உயர்தரம் வரை தமிழில் இரசாயனம் படித்துவிட்டுப் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கோ பதுளை ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்துக்கோ வரும் பிள்ளைகளுக்கு இதைத் தமிழிலேயே சொல்லி வைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம்.

இங்கே நான் மனதில் வைத்திருப்பது ஒரே ஒரு அமைப்பு: நாலு கைகள் கொண்ட நட்சத்திரப் பொலிஸ்டைரீனும் சாதாரண நேர்ச்சங்கிலிப் பொலிஸ்டைரீனும் கலந்து, தொலுயீனில் ஏறத்தாழ 2 சதவீதக் கரைசலாக்கி, சிலிக்கன் வேபர் (மினுக்கிய மெல்லிய சிலிக்கன் தகடு) துண்டில் ஸ்பின் கோட்டரால் (துண்டை வேகமாகச் சுழற்றிக் கரைசலைப் படலமாகப் பரப்பும் கருவி) சுழற்றுவது. 100 நானோமீற்றர் அளவில் படலம் கிடைக்கும். சீப்பு வடிவம், மிகைக்கிளை வடிவம் என்று வேறு கிளைப் பல்பகுதியம் வைத்திருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இது

நேர்ச்சங்கிலிப் பொலிஸ்டைரீனை மட்டும் அதே தொலுயீனில் கரைத்து, அதே வேபரில், அதே பத்து நிமிடத்துக்குள் ஒரு படலம் சுழற்றுங்கள். இது மலிவான பொருள், கை கூசாமல் செலவழிக்கலாம். இதிலும் அதே கோளாறு தெரிந்தால் கலவையைத் தொடவே வேண்டாம். கோளாறு காற்றிலோ வேபரிலோ கரைப்பானிலோ இருக்கிறது. இந்தப் படலம் சுத்தமாக வந்து, கலவை மட்டும் பிழைத்தால்தான் கிளைகளைப் பற்றி யோசிக்க வேண்டும்.

அறையின் வெப்பநிலையையும் ஈரப்பதனையும் ஒவ்வொரு மாதிரியின் பெட்டி மேலேயும் எழுதுங்கள். குறிப்புப் புத்தகத்தில் மட்டும் எழுதினால் மூன்று மாதம் கழித்துப் பெட்டியைத் திறக்கும்போது யாரும் தேடிப் பார்ப்பதில்லை. ஈரப்பதன்மானி விலை கூடியதாக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஸ்பின் கோட்டருக்குப் பக்கத்தில் இருந்தால் போதும்.

படலம் பால் பூத்தது போல மங்கலாக இருக்கிறது

மலையகத்தில் அடிக்கடி வருவது இதுதான். மூன்று காரணங்கள் இருக்கலாம், மூன்றும் வெறுங் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் தெரியும்.

முதலாவது, தண்ணீர். கரைப்பான் ஆவியாகும்போது படலத்தின் மேற்பரப்பு குளிர்கிறது. அது பனிபடுநிலைக்குக் கீழே போனால் காற்றிலுள்ள நீராவி சின்னச் சின்னத் துளிகளாகப் படலத்தின் மேல் ஒடுங்குகிறது. கரைப்பான் போய்ப் பல்பகுதியம் இறுகிய பிறகு துளியும் உலர்ந்துவிடும், துளி இருந்த இடத்தில் குழி மிஞ்சும். அந்தக் குழிகள்தான் ஒளியைச் சிதறடித்து வெண்மையாகக் காட்டுகின்றன.

எவ்வளவு குளிர்ந்தால் போதும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 22 பாகை செல்சியஸ், 45 சதவீத ஈரப்பதன் என்றால் பனிபடுநிலை ஏறத்தாழ 9.5 பாகை. மேற்பரப்பு பன்னிரண்டு பாகைக்கு மேல் குளிர்ந்தால்தான் துளி வரும். அதே 22 பாகையில் ஈரப்பதன் 85 சதவீதம் என்றால் பனிபடுநிலை 19.4. மூன்று பாகை குளிர்ந்தாலே துளி வந்துவிடும். குளோரோபோம் 61 பாகையில் கொதிப்பது, வேகமாக ஆவியாகும், கடுமையாகக் குளிர்விக்கும். தொலுயீன் 110 பாகையில் கொதிப்பது, மெதுவாகப் போகும், குளிர்ச்சியும் குறைவு. மழைநாளில் குளோரோபோமில் சுழற்றுவது வேண்டாம் என்று நான் கண்டிப்பாகச் சொல்வது இதனால்தான். டெட்ராஹைட்ரோபியூரான் இன்னும் மோசம். அது வேகமாகப் போவதோடு தண்ணீரோடு எந்த விகிதத்திலும் கலக்கும். திறந்து வைத்த போத்தலே ஈரத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

இதில் கிளைப் பல்பகுதியத்துக்கென்று ஒரு தனிக் கதை உண்டு. 1994ஆம் ஆண்டு விடாவ்ஸ்கி, ராவிசோ, பிரான்சுவா ஆகிய மூவரும் ஈரக்காற்றின் கீழ் காபன் இருசல்பைட்டுக் கரைசலை உலரவிட்டுத் தேன்கூடு போல ஒழுங்காகக் குழிகள் அடுக்கிய படலங்களை 'நேச்சர்' சஞ்சிகையில் காட்டினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது நட்சத்திரப் பொலிஸ்டைரீன். அது துளியைச் சுற்றிச் சீக்கிரம் படிந்து, துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிடாமல் காப்பதால் குழிகள் அழகாக அடுக்கிக்கொள்கின்றன. அங்கே வேண்டுமென்று செய்ததை இங்கே ஹந்தானை மலையிலிருந்து இறங்கும் மூட்டம் நமக்குக் கேட்காமலே செய்து தருகிறது. ஆகவே நேர்ச்சங்கிலிப் படலம் லேசாக மங்கி, நட்சத்திரக் கலவை கூடுதலாக மங்கினால் கலவை பிரிந்துவிட்டது என்று உடனே முடிவு கட்டக்கூடாது. இரண்டும் ஒரே ஈரத்துக்குத் தரும் வெவ்வேறு பதில்களாக இருக்கலாம்.

இரண்டாவது காரணம் உண்மையான பிரிவு. நட்சத்திரமும் நேர்ச்சங்கிலியும் இரண்டுமே பொலிஸ்டைரீன் என்றால் இது அபூர்வம். இரசாயனம் ஒன்றேதான், வடிவம் மட்டுமே வேறு. பி.எம்.எம்.ஏ. (பொலிமெதில் மெதக்கிரிலேற்று) போன்ற இன்னொரு பல்பகுதியத்தோடு கலந்திருந்தால் பிரிவை எதிர்பார்த்தே ஆக வேண்டும்.

மூன்றாவது, முழுதாகக் கரையாத கரைசல். இதைக் கண்டுபிடிப்பது சுலபம். போத்தலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து மெதுவாகச் சரித்தால் நூல் நூலாக ஓடும். ஓர் இரவு மூடி வைத்து, காலையில் மறுபடி பாருங்கள்.

முதல் இரண்டையும் பிரித்தறிய, மங்கிய துண்டை 120 பாகையில் ஒரு மணிநேரம் வைத்து நுண்காட்டியில் பாருங்கள். பொலிஸ்டைரீனின் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை (விறைத்த பல்பகுதியம் இளகத் தொடங்கும் வெப்பநிலை) 100 பாகையளவில் இருப்பதால் 120இல் சங்கிலிகள் அசையும், தண்ணீர் விட்டுப்போன குழிகள் மெல்ல மூடிக்கொள்ளும், படலம் தெளியும். பிரிவு என்றால் தெளியாது. நேரம் போகப் போகத் திட்டுகள் பெரிதாகும். பி.எம்.எம்.ஏ. கலவையாக இருந்தால் கரைத்தும் பார்க்கலாம். இளஞ்சூடான சைக்கிளோஎக்சேன் பொலிஸ்டைரீனைக் கொண்டுபோய் பி.எம்.எம்.ஏ.யை விட்டுவைக்கும். அசற்றிக் அமிலம் மறுபுறமாகச் செய்யும். கழுவிய பிறகு எந்தத் திட்டு நிற்கிறது, எது பள்ளமாகிறது என்று ஏ.எப்.எம்.மில் (நுண்ணிய ஊசியால் மேடுபள்ளத்தை வருடும் அணுவிசை நுண்காட்டி) பார்த்தால் ஆளைப் பிடித்துவிடலாம்.

சரி, தண்ணீர்தான் என்று தெரிந்துவிட்டது. என்ன செய்வது?

யன்னலை மூடுங்கள். சொல்வதற்குச் சின்ன விடயம், ஆனால் ஆவியுறிஞ்சி அலுமாரி ஓடும்போது யன்னல் திறந்திருந்தால் அது வெளியே நிற்கும் மூட்டத்தை நேராக உங்கள் வேபர் மேல் இழுத்துக்கொண்டு வரும். தொலுயீன் ஆவி உடம்புக்குக் கெடுதல் என்பதால் அலுமாரியை நிறுத்தக்கூடாது, யன்னலைத்தான் மூட வேண்டும். அடுத்து, ஸ்பின் கோட்டர் கிண்ணத்துக்குள் உலர்ந்த நைதரசனை மெதுவாக விடுங்கள். நைதரசன் உருளை இல்லாத இடத்தில் சின்னக் காற்றுப்பம்பின் காற்றை சிலிக்கா ஜெல் நிரப்பிய நீளக் குழாய்க்குள்ளால் விட்டாலும் நல்ல பலன் உண்டு. ஜெல் நீலத்திலிருந்து இளஞ்சிவப்புக்கு வந்தால், செம்மஞ்சள் வகை என்றால் பச்சைக்குப் போனால், 120 பாகையில் காயவைத்துத் திரும்பப் போடலாம். வாயு வேகமாக அடித்தால் படலத்தில் வரி விழும், கன்னத்தில் பட்டால் உணரக்கூடிய அளவைவிடக் குறைவாக வையுங்கள்.

கரைசலைக் குளிர்சாதனப்பெட்டியில் வைத்திருந்தால் வெளியே எடுத்து அறை வெப்பநிலைக்கு வந்த பிறகே மூடியைத் திறக்க வேண்டும். நட்சத்திரப் பொலிஸ்டைரீன் தூள் இருக்கும் சின்னப் போத்தலுக்கும் அதேதான். குளிர்ந்த போத்தலைத் திறந்த கணமே உட்சுவரில் ஈரம் படிவதைக் கண்ணாலேயே காணலாம்.

நேரத்தையும் தெரிந்தெடுங்கள். நாளின் வெப்பம் உச்சத்தில் இருக்கும் மதியம் தாண்டிய வேளையில் சார்பு ஈரப்பதன் இறங்கும், விடிகாலையிலும் இரவிலும் ஏறும். கண்டிப் பக்கம் பெப்ரவரி, மார்ச் உலர்ந்த மாதங்கள். முக்கியமான தொகுதியை அப்போது சுழற்றிவிட்டு, மழை மாதங்களை அளவீட்டுக்கும் எழுத்துக்கும் வைத்துக்கொள்ளலாம் என்றால் அப்படிச் செய்யுங்கள். ஆய்வுக்காலம் குறுகியது என்பதால் எல்லோருக்கும் அது வாய்க்காது, அவர்களுக்குத்தான் சிலிக்கா ஜெல் குழாய்.

வால்வெள்ளி போன்ற கோடுகள்

நடுவிலிருந்து வெளிப்புறமாக ஒரு புள்ளியும் அதன் பின்னால் வாலும். புள்ளியில் ஒரு தூசித் துகள் இருக்கும். கரைசலை 0.2 அல்லது 0.45 மைக்றோமீற்றர் டெஃப்லான் வடியால் வடித்துச் சொட்டினால் பெரும்பாலும் போய்விடும். அப்படியும் வந்தால் தூசி கரைசலில் இல்லை, வேபரில் இருக்கிறது. சுழற்றத் தொடங்குமுன் வேபரை டோர்ச் வெளிச்சத்தில் சரித்துப் பாருங்கள். நேரே பார்த்தால் கண்ணாடிபோல் தெரியும் வேபர், சாய்வாக வெளிச்சம் விழும்போது ஒவ்வொரு துகளையும் வெள்ளைப் பொட்டாகக் காட்டிக்கொடுக்கும்.

வாலில்லாமல் ஆரத்தின் வழியே ஒழுங்கான வரிகள் வந்தால் அது தூசியின் வேலை இல்லை. கரைப்பான் வேகமாகப் போவதால் மேற்பரப்பு இழுவிசை இடத்துக்கு இடம் வேறுபட்டு, கரைசல் வரிவரியாக ஒதுங்கியதன் அடையாளம். மெதுவாக ஆவியாகும் கரைப்பானுக்கு மாறுங்கள், அல்லது கிண்ணத்தை மூடி உள்ளே கொஞ்சம் கரைப்பான் ஆவி நிற்க விடுங்கள்.

வட்டமான பள்ளங்கள், சில இடத்தில் படலமே பிடிக்கவில்லை

இதற்கு நான் முதலில் கேட்கும் கேள்வி: கரைசலை எதில் எடுத்தீர்கள்?

ஒருமுறை பாவிக்கும் பிளாத்திக்குச் சிரிஞ்சின் உள்ளே கறுப்பு இறப்பர் முனை இருக்கிறது, அது வழுக்கி ஓடுவதற்காகச் சிலிக்கோன் எண்ணெய் பூசியிருக்கும். தொலுயீன் அந்த எண்ணெயை அப்படியே கழுவிக்கொண்டு வந்து கரைசலில் சேர்க்கும். மிகச் சின்ன அளவு போதும். அதன் மேற்பரப்பு இழுவிசை மிகக் குறைவு என்பதால் எங்கே அது இருக்கிறதோ அங்கிருந்து படலம் விலகி வட்டப் பள்ளம் விழும். கண்ணாடிச் சிரிஞ்சும் உலோக ஊசியும் பாவித்தால் இந்தக் கவலை இல்லை. இன்னொன்று: மலிவான, தெளிவான பெட்ரி தட்டுகளும் சில குழாய்களும் பொலிஸ்டைரீனாலேயே செய்தவை. தொலுயீன் துளி பட்டால் தட்டே கரைந்து உங்கள் மாதிரிக்குள் வந்துவிடும். யாரோ விற்பனைக்கு வார்த்த, திணிவு தெரியாத ஒரு பொலிஸ்டைரீன் உங்கள் கலவையில் மூன்றாம் ஆளாகச் சேர்ந்தால் பின்னால் வரும் பகுப்பாய்வு எல்லாமே வீண்.

சிரிஞ்சு சரியென்றால் வேபரைப் பாருங்கள். அசற்றோன், பிறகு தொலுயீன், பிறகு ஐசோபுரோப்பனோல் என்று கழுவி, நைதரசனால் ஊதி உலர்த்தி, வசதியிருந்தால் புறவூதா-ஓசோனில் பத்துப் பதினைந்து நிமிடம் வைப்பது போதுமானது. செறிந்த சல்பூரிக் அமிலமும் ஐதரசன் பேரொட்சைட்டும் கலந்த கரைசல் இன்னும் சுத்தமாக்கும்தான், ஆனால் அது சேதனக் கரைப்பானோடு சேர்ந்தால் வெடிக்கும். அசற்றோன் ஈரம் காயாத வேபரை அதில் போடவே கூடாது. மேற்பார்வை இல்லாமல் இளம் மாணவர்கள் அதைத் தயாரிப்பதை நான் எங்கேயும் ஏற்கமாட்டேன்.

தடிப்பு எதிர்பார்த்ததற்கு ஒத்துவரவில்லை

அதே செறிவு, அதே வேகம், ஆனால் நட்சத்திரம் கூடக்கூடப் படலம் மெலிகிறது. இது கோளாறு கிடையாது. ஒரே மூலக்கூற்றுத் திணிவுள்ள நேர்ச்சங்கிலியைவிட நட்சத்திரம் இறுக்கமாகச் சுருண்டிருக்கும். ஸிம்மும் ஸ்டொக்மேயரும் 1949இல் தந்த கணக்கின்படி, கைகளின் எண்ணிக்கை எஃப் என்றால், நட்சத்திரத்தின் ஆர வர்க்கத்தை அதே திணிவுள்ள நேர்ச்சங்கிலியின் ஆர வர்க்கத்தால் வகுத்தால் வருவது (3எஃப்−2)/எஃப்². நாலு கைக்கு 10/16, அதாவது 0.625. ஆறு கைக்கு 0.44. சுருண்ட மூலக்கூற்றுப் பந்து சின்னதானால் கரைசலின் பிசுக்குமை குறையும், சுழலும்போது கூடுதலான கரைசல் வெளியே பறந்துவிடும், மிஞ்சுவது மெல்லிய படலம். எனவே கலவை விகிதத்தை மாற்றி ஒப்பிடும்போது ஒரே செறிவில் வைக்கக்கூடாது, ஒரே தடிப்பு வரும்படி செறிவையோ வேகத்தையோ சரிசெய்துவிட்டே ஒப்பிட வேண்டும். தடிப்பு சுழல்வேகத்தின் வர்க்கமூலத்துக்கு நேர்மாறாகப் போகும் என்பதை வழிகாட்டியாக வையுங்கள். நிமிடத்துக்கு 1000 சுற்றிலிருந்து 4000 ஆக்கினால் தடிப்பு அரைவாசியாகும்.

உயரத்துக்கும் இதில் பங்கு உண்டு. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, வளியமுக்கம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கரைப்பான் கொஞ்சம் வேகமாக ஆவியாகும், ஆனால் குளிர் அதை மறுபக்கம் இழுக்கும். இரண்டில் எது வெல்லும் என்று ஊகிப்பதைவிட, கொழும்பில் போட்ட அளவுத்திருத்தக் கோட்டை இங்கே கொண்டுவராமல் உங்கள் அறையிலேயே புதிதாக ஒன்று போடுவது நல்லது. இன்னொரு விடயம் பலருக்குத் தோன்றுவதில்லை: ஸ்பின் கோட்டரின் உறிஞ்சித் தட்டு வேபரைப் பிடித்திருப்பது வெளியிலுள்ள வளியமுக்கத்தால். அமுக்கம் ஐந்தில் ஒன்று குறைந்தால் பிடியும் அதே அளவு குறையும். தட்டின் நடுவில் சரியாக வைக்காத துண்டு அதிவேகத்தில் பறந்துபோகும். மூடியைப் போட்டுவிட்டே சுழற்றுங்கள்.

தடிப்பு அளந்த விதத்தையும் சந்தேகியுங்கள். ஒற்றை அலைநீள எலிப்சோமீற்றரில் (தெறிக்கும் ஒளியின் முனைவாக்க மாற்றத்திலிருந்து தடிப்பைக் கணிக்கும் கருவி) 632.8 நானோமீற்றர் ஒளி, 70 பாகைக் கோணம், பொலிஸ்டைரீனின் முறிவுச் சுட்டி 1.59 என்றால் விடை ஒவ்வொரு 247 நானோமீற்றருக்கும் ஒருமுறை திரும்பத் திரும்ப வரும். 60 என்று கருவி சொல்வது 307 ஆகவும் இருக்கலாம். இதற்குக் கண்ணே போதும். சிலிக்கனின் மேல் 50 நானோமீற்றர்ப் படலம் வெளிர் கபிலமாகத் தெரியும், 110 அளவில் ஆழ்ந்த நீலம். நிறத்தைப் பார்த்துவிட்டு எண்ணை நம்புங்கள். 20 நானோமீற்றருக்குக் கீழே போனால் தடிப்பையும் முறிவுச் சுட்டியையும் ஒன்றாகப் பொருத்த முயல வேண்டாம், இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்து பொய்யான விடை தரும். சுட்டியை 1.59இல் நிறுத்திவிட்டுத் தடிப்பை மட்டும் தேடுங்கள். அடியில் இருக்கும் 2 நானோமீற்றர் அளவு இயற்கை ஒட்சைட்டைக் கணக்கில் சேர்க்க மறக்கக்கூடாது.

எலிப்சோமீற்றர் கிடைக்காத இடத்தில் படலத்தைச் சவரக்கத்தியால் மெதுவாகக் கீறி, கீறலின் ஓரத்தை ஏ.எப்.எம்.மில் வருடினால் படியின் உயரமே தடிப்பு. ஓரத்தில் ஒதுங்கிய மேட்டை விட்டு, சமதளத்திலிருந்து பள்ளத்தின் அடிவரை எடுக்க வேண்டும்.

சூடாக்கிய பிறகு ஓட்டை விழுகிறது

சுழற்றியபோது நன்றாக இருந்த படலம் 150 பாகையில் ஓட்டை ஓட்டையாகி, ஓட்டைகளின் விளிம்புகள் சந்தித்துப் பலகோண வலையாகி, கடைசியில் துளிகளாகிவிடுகிறது. சிலிக்கன் மேல் மெல்லிய பொலிஸ்டைரீன் இப்படி விலகுவதை குண்டர் ரைட்டர் 1992இல் ஆராய்ந்து காட்டினார். பொலிஸ்டைரீனுக்கும் ஒட்சைட்டுக்கும் ஒட்டுதல் குறைவு என்பதே அடிப்படைக் காரணம். எனவே மிக மெல்லிய படலத்தில் இதை முழுதாக ஒழிக்க முடியாது, தாமதப்படுத்தலாம்.

ஓட்டைகள் எண்ணிக்கையில் குறைவாக, அங்கொன்று இங்கொன்றாக இருந்தால் தூசியோ எண்ணெயோ தொடக்கி வைத்திருக்கிறது. மேலே சொன்ன சுத்தத்துக்குத் திரும்புங்கள். எங்கும் நெருக்கமாக ஒரே இடைவெளியில் வந்தால் படலம் தானாகவே நிலைகுலைகிறது. தடிப்பைக் கூட்டுங்கள், வெப்பநிலையை 120க்கு இறக்குங்கள். பல கைகள் கொண்ட நட்சத்திரம் கொஞ்சம் சேர்ந்தால் விலகல் மந்தமாவது உண்டு. உங்கள் கலவையில் நேர்ச்சங்கிலிப் படலம் ஓட்டையாகியும் கலவைப் படலம் நிலைத்து நின்றால் அது நல்ல முடிவு, அதை எழுதி வையுங்கள்.

கரைப்பான் மிச்சமும் ஓட்டைக்குக் காரணமாகும். சுழற்றிய கையோடு 150க்குக் கொண்டுபோகாமல், முதலில் 60 பாகை அளவில் வெற்றிட அடுப்பில் ஓர் இரவு வையுங்கள்.

வெற்றிட அடுப்பு பற்றி மலையகத்துக்கென்றே ஒரு எச்சரிக்கை. இடியும் மழையுமான பின்னேரங்களில் கரன்ட் போவது சகஜம். பம்பு நின்றவுடன் அடுப்புக்குள் இருக்கும் வெற்றிடம் பம்பின் எண்ணெயைக் குழாய் வழியாகத் திரும்ப இழுக்கும். உள்ளே இருக்கும் வேபர்கள் அனைத்திலும் கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் படிவு, அடுத்த நாள் எல்லாவற்றிலும் ஓட்டை. அடுப்புக்கும் பம்புக்கும் இடையே கரன்ட் போனால் தானே மூடிக்கொள்ளும் வால்வு போடுங்கள். அது இல்லையென்றால், வெற்றிடம் பிடித்ததும் அடுப்பு வால்வைக் கையால் மூடிவிட்டு, இடையிடையே மட்டும் பம்பைத் திறந்துவிடுங்கள். இரவில் ஆள் இல்லாமல் பம்பை ஓடவிட்டுப் போவதைவிட இது எவ்வளவோ மேல்.

படலம் நன்று, பகுப்பாய்வு எண்கள் பிழை

ஜி.பி.சி. (மூலக்கூறுகளைப் பருமனால் பிரித்து அளக்கும் ஜெல் ஊடுருவல் நிறப்பகுப்பு) நட்சத்திரத்தின் திணிவைக் குறைத்துக் காட்டுகிறது. வழக்கமான கருவி நேர்ச்சங்கிலிப் பொலிஸ்டைரீனால் அளவுதிருத்தப்பட்டது. அது பார்ப்பது திணிவை இல்லை, கரைசலில் பந்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்பதை. இறுக்கமான நட்சத்திரம் சின்னதாகத் தெரிவதால் வாங்கிய இடத்தில் எழுதிய திணிவைவிடக் குறைந்த எண் வரும். பொருள் சிதைந்துவிட்டது என்று பயந்து திருப்பி அனுப்ப வேண்டாம். ஒளிச்சிதறல் உணரி இணைத்த கருவியில் ஓட்டினால் உண்மை எண் கிடைக்கும். ஆனால் குறைந்த திணிவுப் பக்கம் தனியாக இன்னொரு உச்சி தெரிந்தால் அது கோர்க்கப்படாத கையாக இருக்கலாம். அது உண்மையான மாசு, கலவை விகிதத்தையே மாற்றிவிடும்.

டி.எஸ்.சி.யில் (சூடாக்கும்போது மாதிரி உறிஞ்சும் வெப்பத்தை அளக்கும் கருவி) ஒன்றுமே தெரியவில்லை. 100 நானோமீற்றர்ப் படலத்தின் ஒரு சதுர சென்ரிமீற்றர் எடை பத்து மைக்றோகிராம் அளவுதான். வழக்கமாக வைக்கும் 5 மில்லிகிராமுக்கு ஐந்நூறு சதுர சென்ரிமீற்றர் சுரண்ட வேண்டும். இந்தக் கருவி இந்த வேலைக்கு இல்லை. எலிப்சோமீற்றரில் சூடாக்கும் மேடை இருந்தால் வெப்பநிலையோடு தடிப்பு விரிவதை வரையுங்கள், சாய்வு மாறும் இடமே கண்ணாடி நிலைமாற்றம். அதற்குப் பதிலாகத் தடித்த படலம் வார்த்து டி.எஸ்.சி.யில் வைப்பவர்கள், அது மென்படலத்தின் விடை ஆகாது என்பதை ஆய்வறிக்கையில் தெளிவாக எழுத வேண்டும். அந்தத் தடித்த படலத்தில் வெப்பநிலை 100க்குக் கீழே நன்றாக இறங்கியிருந்தால் முதலில் மிச்சத் தொலுயீனைச் சந்தேகியுங்கள். எப்.டி.ஐ.ஆர். (அகச்சிவப்பு) நிறமாலையில் பொலிஸ்டைரீனின் அலையெண் 757, 698 உச்சிகளுக்கு இடையே 729 அளவில் ஒரு தோள் எழுந்தால் தொலுயீன் இன்னும் உள்ளே இருக்கிறது.

எப்.டி.ஐ.ஆர். என்றதும் பொற்றாசியம் புரோமைட்டு வில்லைகளை நினைப்போம். இங்கே அவை ஒரு மழைவாரத்தில் மங்கிவிடும். உலர்பெட்டிக்குள் வைத்துக் கையுறையோடு மட்டும் எடுங்கள். கல்சியம் புளோரைட்டு வில்லை ஈரத்துக்கு அஞ்சாது, ஆனால் அலையெண் 1100க்குக் கீழே ஒளியை விடாது என்பதால் மேலே சொன்ன 729ஐ அதில் பார்க்க முடியாது. 1400க்கும் 1800க்கும் இடையே மெல்லிய ஊசி ஊசியான உச்சிகள் நிறையத் தெரிந்தால் அவை கருவிக்குள் இருக்கும் நீராவி. பின்னணியை மாதிரிக்குச் சற்று முன்பே எடுங்கள், காலையில் எடுத்ததைப் பின்னேரம் பாவிக்க வேண்டாம்.

மேற்பரப்பில் எது கூடுதலாக இருக்கிறது என்ற கேள்விக்கு ஏ.எப்.எம். பதில் சொல்லவில்லை என்று பலர் சோர்ந்துபோகிறார்கள். அது சொல்லாது. நட்சத்திரமும் நேர்ச்சங்கிலியும் இரசாயனத்தால் ஒன்று, கடினத்தாலும் கிட்டத்தட்ட ஒன்று. ஒரே அளவு திணிவில் கிளையுள்ளது காற்றுப் பக்கம் செறிவது எதிர்பார்க்கக்கூடியதே. அதற்கு நுனிகள் அதிகம், மேற்பரப்பில் நிற்பதால் அது இழக்கும் எந்திரப்பியும் குறைவு. ஆனால் அதைக் காட்ட ஒரு கூறில் ஐதரசனுக்குப் பதிலாக அதன் பாரமான சமதானியான தூற்றேரியத்தை ஏற்றி, நியூத்திரன் தெறிப்பாலோ இரண்டாம்நிலை அயன் திணிவுநிறமாலையாலோ ஆழத்துக்கு ஆழம் அளக்க வேண்டும். நியூத்திரன் கற்றைக்கு வெளிநாட்டு நிலையங்களிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். தூற்றேரியம் ஏற்றிய பொலிஸ்டைரீனும் சாதாரணமானதும்கூட ஒன்றையொன்று முழுதாக ஏற்பதில்லை, அதற்கும் சின்ன மேற்பரப்புச் சாய்வு உண்டு. எனவே தூற்றேரியத்தை ஒருமுறை நட்சத்திரத்திலும் மறுமுறை நேர்ச்சங்கிலியிலும் மாற்றி வைத்து இரண்டு தொகுதி செய்யுங்கள். இரண்டிலும் நட்சத்திரமே மேலே வந்தால் அது கிளையின் விளைவு.

படலம் தண்ணீரில் மிதந்து வர மறுக்கிறது

இலத்திரன் நுண்காட்டிக் கம்பிவலையில் எடுப்பதற்காகப் படலத்தை வேபரிலிருந்து மிதக்கவிடப் பார்க்கிறீர்கள், ஓரம் எழும்பிவிட்டு நின்றுவிடுகிறது. வேபரோடு போராட வேண்டாம், ஐதரோபுளோரிக் அமிலத்தை நாடவும் வேண்டாம். அந்த அமிலம் தோலுக்குள் ஊடுருவி எலும்புவரை போகும். அதே கரைசலைப் புதிதாகப் பிளந்த மைக்காவில் சுழற்றுங்கள். ஓரத்தைச் சவரக்கத்தியால் சுற்றிக் கீறி, தட்டில் நிரப்பிய காய்ச்சி வடித்த தண்ணீருக்குள் முப்பது பாகைச் சாய்வில் மெதுவாக இறக்கினால், தண்ணீர்க்கோடு முன்னேற முன்னேறப் படலம் தானே கழன்று மேலே விரியும். இறக்கும் கை ஒரு கணம் நின்றாலும் அந்த இடத்தில் மடிப்பு விழும், ஆகவே முழங்கையை மேசையில் ஊன்றிக்கொள்ளுங்கள். மிதக்கும் படலத்தைக் கம்பிவலையால் அடியிலிருந்து தூக்கி, வடிதாளில் ஓரத்தைத் தொட்டுத் தண்ணீரை வடித்து, உலர்பெட்டிக்குள் ஒரு நாள் வைத்த பிறகே நுண்காட்டிக்குக் கொண்டுபோங்கள். அனுப்ப வேண்டிய வேபர்களைச் சிலிக்கோன் ஜெல் மெத்தை வைத்த பெட்டிகளில் அடுக்க வேண்டாம். சாதாரண பொலிபுரோப்பிலீன் வேபர்ப் பெட்டியும் ஒரு சிலிக்கா ஜெல் பொதியும் வைத்து ஒட்டினால் கொழும்புவரை பத்திரமாகப் போய்ச்சேரும்.